இலண்டன் பாதாள ரயில் யாருக்காகத் தோன்றியது?

பெரிய கட்டுமான வேலைகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அளவுகளையே எழுதுவர். எத்தனை மைல், எத்தனை பவுன், எத்தனை ஆண்டு என்று கணக்குக் காட்டுவர். அவை வேண்டுவனவே. எனினும் ஒரு கேள்வியை அவர்கள் கேளாமல் விட்டுவிடுவதுண்டு. இது யாருக்காகக் கட்டப்பட்டது என்பதே அக்கேள்வி. உலகின் முதற் பாதாள ரயிலாகிய இலண்டன் ரயிலைப் பற்றி அவ்வாறு கேட்டுப் பார்த்தால், நாம் எதிர்பாராத விடை ஒன்று கிடைக்கிறது. வணிகரின் அவசரமும் கம்பெனிகளின் இலாபமும் அதற்குக் காரணங்கள் என்பது உண்மையே. ஆயினும், நகரின் நடுவே நெருக்கடியில் வாடிய ஏழைத் தொழிலாளர் நல்ல காற்றுள்ள இடத்திற் குடியிருக்க வேண்டும் என்று ஒரு வழக்கறிஞர் கண்ட கனவே அதன் ஆணிவேர். அக்கனவு எவ்வளவு நிறைவேறிற்று, எவ்வளவு திரிந்தது என்பதைக் காண்போம்.

நெருக்கடி நகரம்

1801ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இலண்டனில் ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் இருந்தனர். 1851இல் அத்தொகை 23 இலட்சத்தைத் தாண்டிற்று. ஐம்பதே ஆண்டுகளில் ஊர் இருமடங்குக்கு மேல் பெருகிவிட்டது. வெளியூர்களிலிருந்து வந்த ரயில்களோ நகரின் விளிம்பிலேயே நின்றன. நகரின் நடுப்பகுதிக்குள் ரயில் வரக்கூடாது என்று 1846இல் அரசாங்க விசாரணைக் குழு ஒன்று கருத்துரைத்தது. ஆகவே பாடிங்டன், யூஸ்டன், கிங்ஸ் கிராஸ் ஆகிய நிலையங்களில் இறங்கியவர்கள் குதிரை வண்டி ஏறித்தான் நகருக்குள் செல்ல வேண்டும். வீதிகளில் வண்டிகள் முட்டி மோதி நின்றன.

வண்டிக்குக் காசு உள்ளவர்களின் துன்பம் இது. காசில்லாதவரின் துன்பம் வேறு. அன்றாடக் கூலிக்கு உழைப்பவன் வேலைத்தலத்துக்கு நடந்து செல்லும் தூரத்திலேயே குடியிருக்க வேண்டியிருந்தது. தோட்டப்புற வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வேலை எங்கேயோ அங்கேயே லயம். வேலை போனால் லயமும் போயிற்று. இலண்டன் தொழிலாளியும் ஒருவகையில் அவ்வாறே கட்டுண்டிருந்தான். ஒரே அறைக்குள் ஒரு குடும்பம் முழுவதும் அடைந்து கிடந்தது. நோய் வந்தால் தெரு முழுவதும் பரவியது.

இதனைக் கண்டு மனம் பொறாதவர் சார்லஸ் பியர்சன். இலண்டன் நகரவையின் வழக்கறிஞராக இருந்தவர். 1847இலிருந்து 1850 வரை பார்லிமெண்ட் உறுப்பினராகவும் இருந்தார். வீதிக்கு அடியில் ரயில் ஓட வேண்டும் என்று 1845 முதல் அவர் இடைவிடாது வாதாடினார். நகருக்கு வெளியே தோட்டம் சூழ்ந்த சிறு வீடுகள் கட்டுவது. குறைந்த கட்டண ரயிலில் தொழிலாளரைக் காலையில் அழைத்து வந்து மாலையில் திருப்பி அனுப்புவது: இதுவே அவர் திட்டம். பலர் நகைத்தனர். மண்ணுக்கடியில் புகை வண்டி ஓடினால் மக்கள் மூச்சு முட்டிச் சாவர் என்றனர். மேலே உள்ள வீடுகள் சரியும் என்றனர். அவர் சளைக்கவில்லை. பணமின்றிக் கம்பெனி தத்தளித்தபோது, நகரவையே 2,00,000 பவுன் பங்கு வாங்கும்படி செய்தார்.

தோண்டி மூடிய பாதை

1860இல் வேலை தொடங்கிற்று. ஜான் ஃபௌலர் தலைமை எஞ்சினியர். முறை எளியதே. வீதியை நெடுக வெட்டிப் பள்ளமாக்குவது. இருபுறமும் செங்கற் சுவர் எழுப்புவது. மேலே வளைவு கட்டி மண்ணிட்டு மூடி, மீண்டும் வீதி அமைப்பது. கேட்பதற்கு எளிது, செய்வதற்கோ கடினம். வீதிக்கடியில் தண்ணீர்க் குழாய், எரிவாயுக் குழாய், சாக்கடை எல்லாம் பின்னிக் கிடந்தன. 1862 ஜூன் மாதத்தில் ஃபிளீட் சாக்கடை உடைத்துக்கொண்டு, கட்டிய சுவரைச் சாய்த்துச் சுரங்கத்துள் வெள்ளமாகப் பாய்ந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் பியர்சன் காலமானார். தாம் பதினேழு ஆண்டு போராடிய ரயில் ஓடுவதை அவர் காணவில்லை. தம் உழைப்புக்கு அவர் வெகுமதி பெற மறுத்திருந்தார் என்பர். கம்பெனி பின்னர் அவர் மனைவிக்கு ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை வழங்கியது.

1863 ஜனவரி 10ஆம் நாள் பாடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் தெரு வரை பாதை திறக்கப்பட்டது. நீளம் நான்கு மைலுக்கும் சற்றுக் குறைவு. முதல் நாளிலேயே ஏறத்தாழ 38,000 பேர் பயணம் செய்தனர். முதல் ஆண்டில் 95 இலட்சம் பயணங்கள். திறப்பு விருந்துக்குப் பிரதமர் பாமர்ஸ்டன் வரவில்லை. தம் வயதில் இயன்ற வரை மண்ணுக்கு மேலேயே இருக்க விரும்புவதாக அவர் சொல்லி அனுப்பியதாகக் கதை உண்டு.

மறு ஆண்டே தொழிலாளர் வண்டி வந்தது. விடியுமுன் புறப்படும் அவ்வண்டிக்குப் போகவர 3 பென்னி. மற்ற நேரத்தில் மூன்றாம் வகுப்பில் ஒரு வழிப் பயணத்துக்கே அத்தொகை ஆகும். ஏழைகளின் வாழ்வை ஆராய்ந்து எழுதிய ஹென்றி மேஹியூ இவ்வண்டியில் ஏறித் தொழிலாளரை விசாரித்தார். முன்பு நகரில் ஓர் அறைக்குக் கொடுத்த வாடகையில் இப்போது வெளியே இரண்டு அறை கிடைக்கிறது என்பதே அவர்கள் சொன்னதன் சாரம். பியர்சன் கனவில் ஒரு பகுதி பலித்தது.

இடிந்த வீடுகளும் பொய் வீடுகளும்

மறு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஃபிளீட் பள்ளத்தாக்கில் பாதை அமைக்க எந்த வீடுகள் இடிக்கப்பட்டன? ஏழைகளின் வீடுகளே. அங்கு நிலம் மலிவு. எதிர்க்கும் வலிமையும் குறைவு. வீட்டுச் சொந்தக்காரருக்கு ஈடு கொடுக்கப்பட்டது. வாரவாடகைக்கு இருந்தவருக்கு ஒன்றுமில்லை. ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குப் போயினர். ஏற்கனவே நெரிந்த அத்தெரு மேலும் நெரிந்தது. யாருக்காக ரயில் வேண்டும் என்று பியர்சன் வாதாடினாரோ அவர்களே முதலில் வீடிழந்தனர்.

செல்வர் வாழும் பகுதியில் நடந்ததைப் பாருங்கள். 1868இல் பேஸ்வாட்டர் வழியாகப் பாதை நீட்டப்பட்டது. நீராவி எஞ்சின் புகையை வெளிவிட ஆங்காங்கே திறந்த வெளி வேண்டும். லெயின்ஸ்டர் கார்டன்ஸ் என்னும் அழகிய வீதியில் அத்தகைய பள்ளம் ஒன்று விழுந்தது. வீதியின் அழகு கெடக்கூடாதென்று 23, 24ஆம் எண் வீடுகள் இருந்த இடத்தில் முகப்புச் சுவர் மட்டும் கட்டினர். தூண் உண்டு, மாடம் உண்டு, கதவு உண்டு, உள்ளே வீடில்லை. சன்னல்கள் வெறும் சாயம். அப்பொய் வீடுகள் இன்றும் நிற்கின்றன. ஓரிடத்தில் மெய்யான வீடுகள் இடிந்தன. ஓரிடத்தில் பொய்யான வீடுகள் எழுந்தன. ஒரே ரயிலின் வரலாறுதான் இரண்டும்.

ஆழத்திற் சென்ற குழாய்

1884இல் வட்டப் பாதை முழுமையடைந்தது. இனித் தோண்டி மூட வீதி இல்லை. மேலும் ஆழத்தில் துளைத்தே செல்ல வேண்டும். அதற்கு வழிகாட்டியது ஒரு புழு என்றால் வியப்பாக இருக்கும். கப்பற் பலகையைத் துளைக்கும் புழு தன் தலையை ஓட்டினாற் காத்துக்கொண்டு முன்னேறுவதையும், துளைத்த வழியைத் தானே பூசிக்கொண்டு போவதையும் மார்க் புரூனல் கவனித்தார். அதைக் கொண்டு இரும்புக் கேடயம் ஒன்றைச் செய்து, தேம்ஸ் ஆற்றுக்கடியில் 1825இல் சுரங்கம் தொடங்கினார். ஆறு பலமுறை உள்ளே பாய்ந்தது, உயிர்கள் பலியாயின. 1843இல்தான் முடிந்தது. பின்னர் ஜேம்ஸ் கிரேட்ஹெட் அக்கேடயத்தை வட்ட வடிவாக்கித் திருத்தினார். கேடயம் முன்னே நகரும். பின்னால் வார்ப்பிரும்பு வளையங்களைப் பூட்டிக்கொண்டே வருவர். இலண்டனுக்கு அடியில் உள்ள இறுகிய களிமண் இதற்கு மிக ஏற்றது. ஆற்றுக்கு வடக்கே பாதாள ரயில் செறிந்திருப்பதற்கும் தெற்கே குறைந்திருப்பதற்கும் மண்ணின் இயல்பும் ஒரு காரணம்.

இந்த ஆழக் குழாய்க்குள் புகை எஞ்சின் ஆகாது. மின்சாரம் கைகொடுத்தது. 1890இல் ஸ்டாக்வெல்லிலிருந்து நகருக்கு ஓடிய சிட்டி அண்ட் சவுத் லண்டன் ரயிலே ஆழத்தில் ஓடிய முதல் மின்சார ரயில். பார்ப்பதற்கு வெளியே ஒன்றுமில்லை என்று அதன் பெட்டிகளில் சன்னல் வைக்கவில்லை. மேலே சிறு கீற்றுகள் மட்டும் இருந்தன. மனநோய் விடுதியின் மெத்தை அறை என்று மக்கள் கேலி செய்தனர். ஆயினும் அதில் ஒரு பெரும் புதுமை உண்டு. முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்ற பிரிவே இல்லை. எவர்க்கும் 2 பென்னி. 1900இல் திறந்த சென்ட்ரல் லண்டன் ரயிலும் அவ்வாறே 2 பென்னி ஒரே கட்டணம் வைத்தது. சீமானும் கூலியும் ஒரே பெஞ்சில் அமர்ந்தனர். சட்டமன்றத்தில் யாரும் கொண்டு வராத சமத்துவம் இது. டிக்கட் விற்பனைக்கு எளிதென்று கம்பெனி செய்த ஏற்பாட்டில் வந்தது.

இக்குழாய்களின் அமைப்பில் இரண்டு நுட்பங்களைக் குறிப்பிட வேண்டும். தனியார் நிலத்துக்கு அடியிற் சென்றால் ஈடு கொடுக்க நேரும் என்பதால் பாதைகளை வீதியின் வழியே வளைத்தனர். வீதி குறுகிய இடத்தில் ஒரு பாதையின் மேல் மற்றொன்றை அடுக்கினர். சென்ட்ரல் பாதையின் நிலையங்களைச் சிறு மேடுகளாக அமைத்தனர். வண்டி நிலையத்துக்கு வரும்போது ஏறுவதால் வேகம் தானே குறைகிறது; புறப்படும்போது இறங்குவதால் வேகம் தானே கூடுகிறது. மின்சாரமும் மிச்சம், பிரேக்கும் மிச்சம்.

1906இலும் 1907இலும் மேலும் மூன்று குழாய்ப் பாதைகள் திறந்தன. அவற்றுக்குப் பணம் திரட்டியவர் அமெரிக்கரான சார்லஸ் யெர்கீஸ். அவரும் திறப்பு விழாவுக்கு முன்பே மாண்டார். பங்கு வாங்கியவர்க்கு எதிர்பார்த்த இலாபம் கிட்டவில்லை. போட்டி போட்ட கம்பெனிகளை ஒன்றாக்கி, 1933இல் பஸ், டிராம், பாதாள ரயில் அனைத்தும் ஒரு பொது வாரியத்தின் கீழ் வந்தன. 1948இல் அது நாட்டுடைமை ஆயிற்று.

ஒரு படம் கற்பிக்கும் பாடம்

ஆசிரியர்கள் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. பாதைகள் பெருகியபோது வரைபடம் குழம்பியது. உண்மையான தூரத்தின்படி வரைந்தால் நகரின் நடுவே நிலையங்கள் எறும்புபோல் மொய்த்தன. வெளியே காகிதம் போதவில்லை. சமிக்ஞை அலுவலகத்தில் மின்சுற்றுப் படங்கள் வரைந்து பழகிய ஹேரி பெக் என்னும் இளைஞர் 1931இல் புது முறை ஒன்றைக் கண்டார். நேர்கோடு, செங்குத்துக் கோடு, 45 பாகைச் சாய்கோடு ஆகிய மூன்றே போதும் என்றார். தூரத்தை விட்டார், வீதிகளை விட்டார், தேம்ஸ் ஆற்றை மட்டும் வைத்துக்கொண்டார். மேலதிகாரிகள் முதலில் மறுத்தனர். 1933 ஜனவரியில் அச்சிட்டபோது மக்கள் விரும்பி வாங்கிச் சென்றனர். மண்ணுக்குள் பயணம் செய்பவனுக்கு வேண்டியவை இரண்டே: எங்கே ஏறுவது, எங்கே மாறுவது. வேண்டாததை நீக்கத் தெரிந்தவரே விளக்கத் தெரிந்தவர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ!

மக்கள் எடுத்துக்கொண்ட இடம்

1940 செப்டம்பரில் இலண்டன்மீது ஜெர்மன் குண்டுகள் விழுந்தன. பாதாள நிலையங்களில் மக்கள் ஒதுங்கக்கூடாது என்பதே அரசாங்கத்தின் தொடக்கக் கொள்கை. போக்குவரத்து தடைபடும், இறங்கியவர் மேலே வரமாட்டார் என்று அஞ்சினர். கிழக்கு இலண்டன் ஏழை மக்கள் வாதாடவில்லை. மலிவான டிக்கட் ஒன்றை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினர், திரும்பவில்லை. அரசாங்கம் இணங்க வேண்டியதாயிற்று. அம்மாத இறுதியில் ஓரிரவு மட்டும் ஏறத்தாழ 1,77,000 பேர் அங்கே உறங்கினர். பின்னர்ப் படுக்கைகள் வந்தன. தேநீர் கொண்டுவரும் வண்டிகள் ஓடின. சில நிலையங்களில் நூலகமும் அமைந்தது.

பாதாளம் எப்போதும் காக்கவில்லை. பாலம், பேங்க் நிலையங்களில் குண்டு துளைத்துப் பலர் மாண்டனர். 1943 மார்ச் 3ஆம் நாள் பெத்னல் கிரீன் நிலையத்தில் குண்டே விழாமல் 173 பேர் இறந்தனர். இருட்டு, ஈரமான படி, நடுவே கைப்பிடி இல்லை. ஒருத்தி தடுக்கி விழ, பின்னால் வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தனர். இறந்தவர்களில் 62 பேர் குழந்தைகள். ஒரு கைப்பிடிக் கம்பியின் விலை என்ன, ஓர் உயிரின் விலை என்ன என்று அந்தப் படிக்கட்டு கேட்கிறது.

நாள்தோறும் நடப்பது

இன்று அந்த அமைப்பில் 11 பாதைகள், 272 நிலையங்கள், ஏறத்தாழ 250 மைல் நீளம். பாதாள ரயில் என்று பெயர் இருந்தாலும் பாதிக்கும் மேற்பட்ட நீளம் வெளிச்சத்தில்தான் ஓடுகிறது. ஆண்டுக்கு 100 கோடிக்கு மேற்பட்ட பயணங்கள் நிகழ்கின்றன.

வண்டி எவ்வாறு பத்திரமாக ஓடுகிறது? அங்கே இருப்புப் பாதையில் நான்கு கம்பிகள் உண்டு. இரண்டில் சக்கரம் ஓடும். ஓரத்துக் கம்பியில் மின்சாரம் வரும். நடுக் கம்பி வழியே திரும்பும். சிவப்பு விளக்கு எரியும்போது பாதையோரம் ஓர் இரும்புக் கை உயர்ந்து நிற்கும். ஓட்டுநர் கவனியாது கடந்தாலும் அக்கை வண்டியின் அடியில் உள்ள விசையைத் தட்டி பிரேக்கைப் பிடித்துவிடும். ஓட்டுநர் மயங்கிக் கைப்பிடியை விட்டால் வண்டி தானே நிற்கும். 1968இல் திறந்த விக்டோரியா பாதையில் தொடக்கம் முதலே வண்டி தானே ஓடித் தானே நின்றது. ஓட்டுநர் கதவை மூடிப் பொத்தானை அழுத்தினார். மனிதன் தவறுவான் என்பதை ஒப்புக்கொண்டு, அத்தவறு உயிரைக் குடியாதபடி ஏற்பாடு செய்வதே இக்கலையின் அடிப்படை.

ஆயினும் இரவில் நடப்பதே என் மனத்தை அதிகம் கவர்வது. நள்ளிரவுக்குப் பின் கடைசி வண்டி போனதும் மின்சாரம் நிறுத்தப்படுகிறது. விடியற்காலை ஐந்து மணி அளவில் மீண்டும் வரும். இடையே உள்ள நாலு மணி நேரத்துக்குள் தேய்ந்த தண்டவாளம் மாற்ற வேண்டும். கம்பிகளைச் சோதிக்க வேண்டும். பாதை நெடுக ஆள் நடந்து பார்க்க வேண்டும். 2016 முதல் சில பாதைகளில் வெள்ளி, சனி இரவுகளில் வண்டி ஓடுவதால் அந்நேரமும் சுருங்கியது. சுரங்கத்துள் பயணிகளின் தலைமுடியும் துணி நூலும் தோல் துகளும் பஞ்சு பஞ்சாகச் சேர்கின்றன. தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். அவற்றைத் தூரிகையாலும் கையாலும் அகற்றுவதற்கென்றே இரவுப் பணியாளர் உண்டு. நெடுங்காலம் அவ்வேலையைச் செய்தவர்கள் பெண்களே. நாள்தோறும் கோடிக்கணக்கான லிட்டர் நீரை இறைக்கும் பம்புகள் வேறு. நிலத்தடி வெப்பமும் ஒரு தொல்லை. தோண்டிய காலத்தில் சுமார் 14 பாகை வெப்பத்தில் இருந்த களிமண், நூறு ஆண்டு வண்டிகளின் சூட்டை வாங்கி வாங்கி இப்போது அதனை வெளிவிட இடமின்றித் தவிக்கிறது.

இவ்வேலைகளுக்கு ஆள் போதாமல் போனபோது இலண்டன் கடல் கடந்து தேடிற்று. 1956இல் பார்படோஸ் தீவிலேயே ஆள் சேர்த்தனர். கப்பற் செலவைக் கடனாகக் கொடுத்துச் சம்பளத்திற் பிடித்துக்கொண்டனர். வழிச்செலவு கடனாக ஏறிய கதை நம் முன்னோர் அறியாததன்று. பெண்களுக்கோ ஓட்டுநர் இருக்கை 1978இல்தான் கிடைத்தது. ஹன்னா டாட்ஸ் என்பவரே முதல் பெண் ஓட்டுநர்.

ஒரு தீக்குச்சி

1987 நவம்பர் 18ஆம் நாள் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் மர நகரும் படிக்கட்டு ஒன்றின் அடியில் எரிந்த தீக்குச்சி விழுந்தது. அங்கே ஆண்டுக்கணக்காக எண்ணெயும் குப்பையும் சேர்ந்திருந்தன. தீ டிக்கட் கூடத்துக்குப் பாய்ந்து 31 உயிர்களைக் கொண்டது. நகரும் படிகளில் சிறு தீ எழுவது வழக்கமே என்று நிர்வாகம் பழகிப்போனதை ஃபெனல் விசாரணை அறிக்கை கடிந்தது; 157 பரிந்துரைகளைச் செய்தது. துடைப்பம் எடுப்பவனின் வேலையைச் சிறிதென்று எண்ணியதன் விலை அது. பெரிய எஞ்சினியரின் பெயர் கல்லில் இருக்கிறது. சுரங்கம் நிலைப்பதோ இரவில் பெருக்குபவரால்.

கனவும் கணக்கும்

இனி முதற் கேள்விக்கு வருவோம். பியர்சன் கனவு நிறைவேறியதா? வயலாக இருந்த கோல்டர்ஸ் கிரீன் 1907இல் ரயில் வந்தபின் ஊராயிற்று. மெட்ரோலாண்ட் என்று விளம்பரம் செய்து தோட்டத்துடன் கூடிய வீடுகளை விற்றனர். தோட்டமும் காற்றும் வந்தன. அவற்றை வாங்கியவர் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்; அன்றாடக் கூலிக்காரர் அல்லர். ஆக, கனவு பலித்தது. கண்டவர் நினைத்த ஆளுக்கு முழுவதும் பலிக்கவில்லை.

இது இலண்டனின் கதை மட்டும் அன்று. சிங்கப்பூரில் 1987 முதலும் கோலாலம்பூரில் 1996 முதலும் நகர ரயில்கள் ஓடுகின்றன. மேடையோரக் கதவை எடுத்துக்கொண்டால் சிங்கப்பூர் நிலத்தடி நிலையங்களே மூத்தவை. இலண்டனுக்கு அது 1999இல்தான் வந்தது. தொழில் நுட்பத்தில் மாணாக்கர் ஆசானை முந்தலாம். ஆயினும் பழைய கணக்கு மாறவில்லை. நிலையம் திறந்தால் பக்கத்து நிலம் விலை ஏறுகிறது. விலை ஏறினால் வாடகை ஏறுகிறது. வாடகை ஏறினால் ரயிலை நம்பி வாழ வேண்டியவர் ரயில் எட்டாத இடத்துக்குப் போக நேர்கிறது. கட்டணமும் வீட்டு வாடகையும் இரண்டு தனிக் கேள்விகள் அல்ல என்று 1845லேயே ஒருவர் கண்டு சொன்னார். புதுப் பாதை ஒன்றின் திட்டம் வெளிவரும்போதெல்லாம், அது எங்கே போகிறது என்று கேட்பதோடு, அதன் ஓரத்தில் யார் குடியிருக்க முடியும் என்றும் கேட்க நம் மாணவர்களைப் பழக்குவோம். வரலாறு கற்பதன் பயன் அதுவே.